இரவு ட்யூட்டியில் தனியே விடலாமா? ஒரு ஹவுஸ் சர்ஜனின் திறன் மதிப்பீடு

சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. அதில் ஒரு பொது மருத்துவ யூனிட். மெடிசின் போஸ்டிங்குக்கு (சுழற்சிப் பணிக்கு) வந்த ஹவுஸ் சர்ஜன் ஒருவரை, அதாவது இறுதித் தேர்வு முடித்துப் பயிற்சியில் இருக்கும் மருத்துவரை, நான்காம் வாரத்திலிருந்து இரவு காஷுவாலிட்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) முதல் ஆளாக உட்கார வைக்கலாமா என்று யூனிட் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பிஜி (பட்டமேற்படிப்பு மருத்துவர்) மாடியில் வார்டில் இருப்பார். போன் செய்தால் ஐந்து நிமிடத்தில் இறங்கி வருவார். செய்யாவிட்டால் காலை ரவுண்ட்ஸில்தான் நோயாளியைப் பார்ப்பார். எந்த நோயாளியை இவர் கையில் எவ்வளவு நேரம் விடலாம், எப்போது போனை எடுப்பார் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தாக வேண்டும்.

இதில் வரும் மருத்துவரும் நோயாளிகளும் கற்பித்தலுக்காகப் பல நிகழ்வுகளிலிருந்து கோத்து அமைக்கப்பட்டவர்கள். எந்தத் தனி மனிதரையும் குறிப்பவர்கள் அல்ல. மருந்தளவும் பரிசோதனை முறையும் நடைமுறையில் உள்ளவை.

கையில் இருந்த சான்றுகள்

இறுதியாண்டுத் தேர்வில் மெடிசினில் நல்ல மதிப்பெண். ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ச் செய்து காட்டும் ஆஸ்கி தேர்வில் எல்லா ஸ்டேஷனிலும் தேர்ச்சி. முந்தைய யூனிட்டிலிருந்து வாய்மொழியாக வந்த சான்று: "நல்ல பையன் சார், சொன்னதைச் செய்வான்." கடைசியாக, செய்த வேலைகளைப் பதியும் லாக் புக். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி 12 மாத இன்டர்ன்ஷிப் முழுவதற்கும் லாக் புக் கட்டாயம். இவரும் ஒழுங்காக வைத்திருந்தார். ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போடும் குழாய்), கதீட்டர் (சிறுநீர் வடிகுழாய்), ஏபிஜி (தமனி ரத்தச் சோதனை) என்று எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே தேதி. போஸ்டிங்கின் கடைசி நாளன்று நின்றுகொண்டே போட்ட கையெழுத்து என்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரு வேலை நடந்தது என்பதை லாக் புக் சொல்லும், எப்படி நடந்தது என்பதைச் சொல்லாது. இந்த மாதிரிப் பக்கங்களில் நடந்ததா என்பதுகூடச் சந்தேகம்தான்.

ஜார்ஜ் மில்லர் 1990-இல் எழுதிய கட்டுரையில் வரைந்த முக்கோணம் மருத்துவக் கல்வித் துறையில் எல்லோருக்கும் பழக்கம். அடியில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படிச் செய்வதென்று தெரியும்', அடுத்து 'செய்து காட்டுவார்', உச்சியில் 'செய்கிறார்'. எழுத்துத் தேர்வு கீழ் இரண்டு படிகளை அளக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகம் செய்த ஆஸ்கி மூன்றாம் படியை அளக்கிறது. உச்சிப் படியை, உண்மையான நோயாளியிடம் யாரும் மதிப்பெண் போடாத நேரத்தில் இவர் என்ன செய்கிறார் என்பதை, கையில் இருந்த நான்கு சான்றுகளில் ஒன்றும் தொடவில்லை. இரவு ட்யூட்டி முழுக்க அந்தப் படியில்தான் நடக்கிறது.

பார்க்கும் முறை

முதல் மூன்று வாரத்துக்குள் ஆறு நேரடிப் பார்வைகள் திட்டமிடப்பட்டன: நான்கு மினி சி.இ.எக்ஸ்., இரண்டு கைவேலைப் பார்வைகள். இவற்றோடு இரவு ட்யூட்டி ஸ்டாஃப் நர்ஸ்களின் கருத்தும் கேட்டு எழுதப்பட்டது. பார்த்தவர்கள் ஓர் உதவிப் பேராசிரியர், இரண்டு பிஜிக்கள், டாக்ஸிகாலஜி (விஷ சிகிச்சை) வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர்.

மினி சி.இ.எக்ஸ். என்பது ஜான் நோர்சினியும் அவர் குழுவும் 1995-இல் வெளியிட்ட முறை. வழக்கமான நோயாளி, வழக்கமான இடம். 15 முதல் 20 நிமிடம் பார்ப்பது, உடனே 5 முதல் 10 நிமிடம் பேசுவது. வரலாறு கேட்டல், உடல் பரிசோதனை, மனிதத்தன்மை, மருத்துவ முடிவு, நோயாளிக்கு விளக்குதல், ஒழுங்கும் வேகமும், மொத்தத் திறன் என ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண். 1–3 போதாது, 4–6 போதும், 7–9 மிக நன்று. காஷுவாலிட்டியில் 20 நிமிடம் கிடைப்பது அபூர்வம். வரலாற்றை மட்டும் அல்லது பரிசோதனையை மட்டும் பார்த்து, மற்ற கட்டங்களைக் காலியாக விடலாம். பார்க்காததற்கு மதிப்பெண் போடுவதுதான் தப்பு. நம் படிவங்களில் பாதி அப்படித்தான் நிரம்புகிறது.

பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நம் ஊர் காஷுவாலிட்டியில் உறவினர்கள் தலை நரைத்தவரைத் தேடிப் பிடித்து அவரிடம்தான் பேசுவார்கள். நரைத்தவர் கட்டிலின் கால்பக்கம் நின்றால் ஹவுஸ் சர்ஜன் கேட்கும் கேள்விக்கு அவரைப் பார்த்துப் பதில் வரும். மதிப்பீடு அங்கேயே கெட்டுவிடும். ஆகவே முதலிலேயே "இவங்கதான் உங்களப் பாக்கற டாக்டர், நான் சும்மா கூட இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, நோயாளியின் தலைமாட்டுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்காருவது என்று வைத்துக்கொண்டார்கள். இடையில் பேசக்கூடாது, தலையாட்டக்கூடாது. நோயாளிக்குத் தீங்கு வரப்போகிறது என்றால் மட்டும் குறுக்கிடலாம்.

படிவத்தில் யூனிட் ஒரு மாற்றம் செய்தது. எண்ணுக்கு முன்னால் கண்ணால் கண்டதை இரண்டு வரியாவது எழுத வேண்டும். 'நன்றாகப் பரிசோதித்தார்' என்பது கண்டது ஆகாது. 'ரேடியல் பல்ஸைத் (மணிக்கட்டு நாடியைத்) தொட்டுப் பார்த்த பின்பே கட்டை அவிழ்த்தார்' என்பது கண்டது. எண்ணை மட்டும் கேட்டால் எல்லோரும் 6-க்கும் 8-க்கும் நடுவில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

பச்சைப் பாம்பு

முதல் பார்வைக்கு வந்தவர் 34 வயதுப் பெண். ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் களை எடுக்கும்போது வலது புறங்கையில் கடி. 108 ஆம்புலன்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்திருந்தார். முழங்கைக்கு மேல் புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தது. கணவர் செல்போனில் படம் வைத்திருந்தார்: காப்பிச் செடிக் கிளையில் பச்சை நிறப் பாம்பு, முக்கோணத் தலை.

ஹவுஸ் சர்ஜன் கட்டை அவிழ்க்க அவசரப்படவில்லை. கட்டுக்குக் கீழே ரேடியல் பல்ஸ் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. இடது கையில் ஐவி லைன் போட்டார். ஏஎஸ்வியும் (பாம்பு விஷமுறிவு மருந்து), அதற்கு ஒவ்வாமை வந்தால் கொடுக்கும் அட்ரினலினும் தட்டில் இருப்பதை உறுதி செய்தார். அதன் பிறகே மெதுவாகத் தளர்த்தினார். இறுக்கிய கட்டைச் சட்டென்று அறுத்தால் தேங்கியிருந்த விஷம் ஒரே வீச்சில் உடம்பில் ஏறி, நோயாளி அந்த மேசையிலேயே சரியலாம். "அக்கா, கை இன்னும் வீங்கும். வளையலும் மோதிரமும் இப்பவே கழட்டிடலாம், அப்புறம் அறுக்கத்தான் வேணும்" என்றார். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதினார். இரண்டு கைகளின் சுற்றளவையும் டேப்பால் அளந்தார்.

அடுத்தது 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. புதிதாக எடுத்த 2 மில்லி சிரை ரத்தம், சுத்தமான உலர்ந்த கண்ணாடி டெஸ்ட் டியூப், அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒரே ஒரு சாய்ப்பு. இவ்வளவு எளிய சோதனை தப்பாவதற்கு வழிகள் பல. பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் ஒழுங்காக உறையாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் அப்படித்தான். இரண்டிலும் விஷம் ஏறாதவருக்கும் விஷம் ஏறியதுபோல் காட்டும். தட்டில் இருந்த குழாய் ஈரமாக இருப்பதைக் கண்டு, புதுக் குழாய் கேட்டு வாங்கி, பிளாஸ்டரில் நேரம் எழுதி ஒட்டினார். ஆனால் பன்னிரண்டாம் நிமிடத்தில் பொறுமை இழந்து குழாயை எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டார். பார்வையாளர் குறித்துக்கொண்டார், வாய் திறக்கவில்லை. இரண்டு விநாடி கழித்து ஹவுஸ் சர்ஜனே சொன்னார்: "சிஸ்டர், நடுவுல எடுத்துட்டேன். இது செல்லாது, வேற எடுக்கறேன்."

யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாத தவறைத் தானே சொன்னது படிவத்தின் ஏழு தலைப்பில் எதிலும் முழுசாக அடங்காது. தனியே விடலாமா என்ற முடிவுக்கு அதைவிட எடை உள்ள குறிப்பு வேறு இல்லை. தனி வரியாக எழுதப்பட்டது.

இரண்டாவது குழாயில் ரத்தம் உறைந்தது. வீக்கம் மணிக்கட்டில் நின்றது. ஏஎஸ்வி கொடுக்கவில்லை. காரணம் கேட்டபோது தெளிவாகச் சொன்னார்: நம் ஊரில் கிடைக்கும் ஏஎஸ்வி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிரானது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரித்துத் தரும் விஷமும் இந்த நான்கின் விஷம்தான். படத்தில் இருப்பது போன்ற சேர்வராயன் (ஏற்காடு) மலை மூங்கில் குழிவிரியனுக்கு அதில் மாற்று கிடையாது. ஆனால் படத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதால் முதல் மூன்று மணி நேரம் மணிக்கொரு முறை, பிறகு 6 மணி நேரத்துக்கொரு முறை என 24 மணி நேரத்துக்கு உறைவுச் சோதனையைத் திரும்பச் செய்யவும், உறையவில்லை என்றால் உடனே கூப்பிடவும் கேஸ் ஷீட்டில் எழுதினார். ஒரு குறை: உறைவு முடிவு வருவதற்கு முன்பே டெட்டனஸ் ஊசியைத் தசையில் போட எழுதியிருந்தார். சிஸ்டர் நிறுத்தி வைத்தார். ரத்தம் உறையாத நோயாளிக்குத் தசையில் குத்தினால் அந்த இடத்தில் ரத்தம் கட்டும்.

மதிப்பெண் எல்லாத் தலைப்பிலும் 7, விளக்குவதில் 8. இந்த ஒரு படிவத்தோடு நிறுத்தியிருந்தால் அன்றிரவே அவரைத் தனியே உட்கார வைத்திருப்பார்கள்.

விடியற்கால வயிற்று வலி

மூன்றாவது பார்வை காலை 4.40-க்கு. உதவிப் பேராசிரியரும் ஒரு பிஜியும் ஒரே நேரத்தில், தனித்தனிப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். இருவர் போடும் மதிப்பெண் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பதற்காக அமைத்த ஏற்பாடு அது. மலையடிவாரத்தில் மாந்தோப்புக் காவலில் இருக்கும் 52 வயதுக்காரரை மகன் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிவந்திருந்தார்.

"என்ன ஐயா பண்ணுது?"

மகன்தான் பதில் சொன்னார். "வயித்து வலிங்க டாக்டர், மூணரை மணியிலேர்ந்து. ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டாருங்க."

"ராத்திரி என்ன சாப்பிட்டாரு? தண்ணி கிண்ணி போட்டாரா?"

மகன் கொஞ்சம் தயங்கி, "எப்பவாச்சும்ங்க" என்றார். நோயாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் தடித்து வந்தது. "தொண்டயில என்னமோ அடைக்கற மாதிரி இருக்குதுங்க..."

ஹவுஸ் சர்ஜன் வயிற்றைத் தொட்டார், மெத்தென்று இருந்தது. ஈசிஜி எடுக்கச் சொன்னார். மேல்வயிற்று வலியோடு வரும் ஐம்பது வயதுக்காரருக்கு அது சரியான முடிவு, ஈசிஜியில் ஒன்றுமில்லை. கேஸ் ஷீட்டில் 'குடிப்பழக்கம் – கேஸ்ட்ரைட்டிஸ்' (இரைப்பை அழற்சி) என்று எழுதி, பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம், ஒன்டான்செட்ரான் 4 மில்லிகிராம் ஐவி போடச் சொன்னார். தொண்டை அடைப்பைப் 'புளிச்ச ஏப்பம்' என்று குறித்தார். இமை பாதி மூடியிருந்ததை அவர் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. "தூக்கக் கலக்கமா இருக்காரு, பெட்ல படுக்க வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளி பக்கம் திரும்பினார்.

குறுக்கிட வேண்டிய இடம் அதுதான். உதவிப் பேராசிரியர் எழுந்து வந்து ஒன்றே ஒன்று சொன்னார்: "ஐயாவ தலையத் திருப்பாம மேல பாக்கச் சொல்லுங்க."

நெற்றி சுருங்கியது, புருவம் ஏறியது, இமை ஏறவில்லை. தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொன்னபோது மோவாய் அசைந்ததே ஒழிய தலை எழவில்லை. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள், பதினொன்றில் நின்றது. நரம்பைத் தாக்கும் விஷத்தால் தசைகள் தளர்வதன் அடையாளங்கள் இவை. அதற்குள் ஹவுஸ் சர்ஜனே கேட்டுவிட்டார்: "ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?" "தோப்புலதாங்க, கீழ, பாய் போட்டு." கடிவாய் எங்கும் தென்படவில்லை. கட்டுவிரியன் கடியில் அது வழக்கம். பல்லுக் குறி தெரியாது, வீக்கம் இருக்காது, தூங்குபவருக்கு வலிகூடத் தெரியாமல் போகலாம்.

டெஸ்ட் டோஸ் இல்லாமல் 10 குப்பி ஏஎஸ்வி, சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றப்பட்டது. அட்ரினலின் 0.5 மில்லிகிராம் சிரிஞ்சில் தயாராக இருந்தது. அட்ரோபின் 0.6 மில்லிகிராமைத் தொடர்ந்து, தசைக்கு வலு திரும்புகிறதா என்று நியோஸ்டிக்மின் 1.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே பயன் சொற்பம். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே தாக்குவதால், நல்ல பாம்புக் கடியில் கிடைக்கும் முன்னேற்றம் இதில் கிடைப்பதில்லை. காலை ஏழு மணிக்குள் வென்டிலேட்டர் தேவைப்பட்டது. பின்னர் குணமாகி வீடு திரும்பினார். வார்டுக்கு ஒரு குறிப்பு: இமைகூட அசையாத நிலையிலும் இந்த நோயாளிகளுக்குக் காது கேட்கும், நினைவு இருக்கும். கட்டிலருகே நின்று 'இவரு தேற மாட்டாரு' என்று பேசக்கூடாது.

இரண்டு படிவம், இரண்டு எண்

உதவிப் பேராசிரியர் மருத்துவ முடிவுக்கு 3, பரிசோதனைக்கு 4 போட்டிருந்தார். பிஜி இரண்டுக்குமே 6. ஒரே காட்சியை, ஒரே கோணத்தில், ஒரே நேரத்தில் பார்த்தவர்கள். பேசிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. பிஜி தன் மனத்தில் வைத்திருந்த அளவுகோல் 'மூன்றாம் வார ஹவுஸ் சர்ஜன் இவ்வளவுதான் செய்வார்' என்பது. ஈசிஜி எடுக்கச் சொன்னதற்கே நல்ல மதிப்பெண் கொடுத்திருந்தார். உதவிப் பேராசிரியரின் அளவுகோல் 'இந்த நோயாளி பிழைப்பாரா' என்பது. இரண்டும் நியாயமான கேள்விதான். ஆனால் படிவம் எதைக் கேட்கிறது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. இரவுப் பணி பற்றிய முடிவுக்கு இரண்டாவது கேள்விதான் உதவும். அடுத்த பார்வைகளுக்கு அதையே அளவுகோலாக வைத்து, படிவத்தின் தலையில் ஒரு வரி அச்சடித்தார்கள்: 'இதே நோயாளியை இவர் தனியாகப் பார்த்திருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்குமா?'

சராசரி எடுப்பதையும் கைவிட்டார்கள். 7-ஐயும் 3-ஐயும் கூட்டி 5 என்று எழுதினால் 'போதும்' என்ற வரம்பில் வந்துவிடும். இரண்டு சந்திப்பும் சொன்ன செய்தி அதில் காணாமல் போகும். ஒரு நோயாளியிடம் காட்டும் திறமை அடுத்த நோயாளியிடம் அப்படியே வருவதில்லை என்பது மருத்துவத் திறன் மதிப்பீட்டில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். இங்கே நோய்கூட ஒன்றுதான், பாம்புக் கடி. முதல் நோயாளி பாம்புக் கடி என்றே சொல்லி, படத்தோடு வந்தார். இரண்டாமவர் வயிற்று வலியோடு வந்தார். ஹவுஸ் சர்ஜனே பிறகு சொன்னார்: "க்ரெய்ட் (கட்டுவிரியன்) எனக்குத் தெரியும் சார், ஃபைனல்ல எஸ்ஸே எழுதியிருக்கேன். ஆனா அவங்க பாம்புன்னு சொல்லவே இல்லையே." வினாத்தாளில் நோயின் பெயர் தலைப்பிலேயே இருக்கும். நான்கு பார்வை என்பதற்குக் காரணமும் இதுதான். தெளிவாக நல்லவரையோ தெளிவாகப் பின்தங்கியவரையோ அறிய நான்கு சந்திப்பு பெரும்பாலும் போதும். எல்லையில் நிற்பவருக்கு அதற்கு மேலும் வேண்டும்.

பேசியது

அன்று காலை ட்யூட்டி முடிந்ததும், வார்டுக்குப் பின்புற அறையில் எட்டு நிமிடம். நோயாளி முன்னாலோ சிஸ்டர்கள் முன்னாலோ பேசவில்லை. உதவிப் பேராசிரியர் முதலில் கேட்டது: "எந்த இடத்துல கேஸ்ட்ரைட்டிஸ்னு முடிவு பண்ணினீங்க?" ஹவுஸ் சர்ஜன் யோசித்து, "தண்ணி போடுவார்னு சொன்னப்பவே சார்" என்றார். அதற்குப் பிறகு வந்த எல்லாத் தகவலையும், தடித்த பேச்சு, தொண்டை அடைப்பு, மூடும் இமை எல்லாவற்றையும், அந்த முடிவுக்குள் மடக்கிப் போட்டிருக்கிறார். அது அவர் வாயாலேயே வந்தது. வாத்தியார் சொல்லியிருந்தால் 'சரி சார்' என்று தலையாட்டுவதோடு போயிருக்கும்.

'இன்னும் கவனமா பாக்கணும்' என்ற வகை அறிவுரைக்குப் பயன் இல்லை. மறுநாள் காலை எதை மாற்றிச் செய்வது என்று அதில் இல்லை. பதிலாக நான்கு செயல்கள் எழுதிக் கொடுக்கப்பட்டன. நள்ளிரவுக்குப் பின் காரணம் தெரியாத வயிற்று வலி, வாந்தி, தொண்டை அடைப்பு, பலவீனம் என்று யார் வந்தாலும்: ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்வது, தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வது, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வது, எங்கே படுத்திருந்தார் என்று கேட்பது. மொத்தம் இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

சிஸ்டர்கள் சொன்னது

கைவேலைப் பார்வைகள் இரண்டும், ஏபிஜியும் ரைல்ஸ் டியூபும், குறை சொல்லும்படி இல்லை. டியூபை அளந்து போட்டார், ஊசியைக் கையால் மூடவில்லை, அவ்வளவுதான்.

யூனிட்டுக்குப் புதிய செய்தி நர்ஸ்களிடமிருந்து வந்தது. நோயாளியிடம் மரியாதை, கையெழுத்து புரிகிறது, கூப்பிட்டால் வருகிறார் என எல்லாம் நன்றாகவே சொன்னார்கள். ஒன்று தவிர: "பிஜி சாரக் கூப்பிடவே மாட்டார். 'தூங்குவாங்க சிஸ்டர், காலைல சொல்லிக்கலாம்'னு சொல்வார்." ஒரு முதியவரின் பிபி 84-க்கு இறங்கியபோது ஃப்ளூயிட் ஓடவிட்டு முக்கால் மணி நேரம் கழித்தே தகவல் சொல்லியிருக்கிறார். காரணத்தைத் தோண்டியதில், முதல் வாரத்தில் ஒரு நாள் அதிகாலை இரண்டு மணிக்கு இவர் கூப்பிட்டதும், அப்போது பிஜி "இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க?" என்று கேட்டதும் வெளிவந்தது. அப்படிக் கேட்டவர் மூன்றாவது பார்வையில் 6 போட்ட அதே பிஜி.

ஆக, கூப்பிடத் தயங்குவது பாதி ஹவுஸ் சர்ஜனின் குறை, பாதி யூனிட் உண்டாக்கியது. இதற்கு மதிப்பெண் குறைத்துப் பயன் இல்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் வைக்கப்பட்டது: சிஸ்டாலிக் (மேல்) பிபி 90-க்குக் கீழே, ஆக்ஸிஜன் 92-க்குக் கீழே, நினைவு குறைதல், எந்த இமைச் சரிவும், எந்த விஷம் குடித்த நோயாளியும், காரணம் தெரியாத பலவீனம் எதுவும், இவை வந்தால் கூப்பிட்டே ஆக வேண்டும், கூப்பிட்ட நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். கட்டாயம் என்று எழுதி வைத்த பிறகு 'இதுக்கெல்லாமா' என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

முடிவு

'தகுதி உண்டு / இல்லை' என்று ஒற்றை முடிவு எழுதப்படவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்டில் ஓலே டென் கேட்டே 2005-இல் முன்வைத்த ஒப்படைப்பு முறையை யூனிட் எடுத்துக்கொண்டது. மருத்துவரை மொத்தமாக நம்புவது என்று இல்லாமல், வேலை வேலையாகப் பிரித்து ஒவ்வொன்றையும் எந்த அளவு மேற்பார்வையில் விடலாம் என்று ஐந்து படியில் எழுதுவது. படி 1, பார்க்க மட்டும்; 2, மேற்பார்வையாளர் கூடவே நிற்க; 3, கூப்பிட்டால் உடனே வரும் தூரத்தில் அவர் இருக்க; 4, தனியாக, பிறகு பார்த்துக்கொள்ளலாம்; 5, மற்றவரை மேற்பார்வையிட.

கடி தெரிந்து வரும் பாம்புக் கடியின் முதல் ஒரு மணி நேரத்துக்குப் படி 3. நெஞ்சு வலிக்கு ஈசிஜியும் முதல் மருந்தும், அதுவும் 3. ஏபிஜி, ரைல்ஸ் டியூப், கதீட்டர் 4. இரவில் காரணம் தெரியாத வயிற்று வலியும் பலவீனமும் 2. பிஜி வந்து பார்க்காமல் வார்டுக்கு அனுப்பக்கூடாது. இந்த ஏற்பாட்டோடு நான்காம் வாரம் இரவுப் பணி கொடுக்கப்பட்டது. இதனால் பிஜிக்கு இரவில் கூடுதலாக இரண்டு மூன்று முறை இறங்கி வர வேண்டியிருந்தது, அவர் முணுமுணுத்தார். செய்ய ஒன்றுமில்லை.

ஐந்தாம் வாரத்தில் மறுபார்வை. இந்த முறை பாம்பே இல்லை. பூச்சிமருந்து குடித்து இரண்டு நாள் ஆன இளைஞர். முறிவு மருந்தான அட்ரோபின் குறைக்கப்பட்டு, நெஞ்சு சுத்தமாகி, இதயத் துடிப்பு 80-க்கு மேல் நிலைத்து, காலையில் ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றலாம் என்ற நிலை. இரவு ட்யூட்டியில் ஹவுஸ் சர்ஜன் அவரிடம், "தம்பி, தலைய மட்டும் தூக்கிக் காட்டுங்க" என்றார். தூக்க முடியவில்லை. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து விஷத்தில் 24 மணி முதல் 96 மணி வரை வரக்கூடிய இடைநிலைப் பலவீனத்தின் முதல் அடையாளம் அந்தக் கழுத்துத்தான். அதன் பின்னால் மூச்சுத் தசை தளரும். 2.10-க்குப் பிஜிக்குப் போன் செய்த நேரம் கேஸ் ஷீட்டில் இருந்தது. பாம்புக்குக் கொடுத்த சோதனையை வேறொரு நோய்க்கு யாரும் சொல்லாமல் எடுத்துச் சென்றிருக்கிறார். பலவீனம் பற்றிய வேலை படி 3-க்கு உயர்த்தப்பட்டது. வயிற்று வலி 2-லேயே வைக்கப்பட்டது, ஏனென்றால் அதை இன்னொரு முறை யாரும் பார்க்கவில்லை.

அடுத்து இவர் சமூக மருத்துவப் போஸ்டிங்கில் ஏற்காட்டு மலை மேல் போகிறார். மாடியில் பிஜி இல்லாத இடம் அது. இங்கே எழுதிய படி 3-க்கு அங்கே அர்த்தம் இல்லை. கூப்பிட்டால் வருபவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தள்ளி, மலைக்குக் கீழே இருக்கிறார். அனுப்புவதற்கு முன் மூன்று வேலைகளை நேரில் பார்த்து எழுத வேண்டும்: அனஸ்தீசியா அறையில் பேக் மாஸ்க்கில் (கையால் அழுத்தும் பையும் முகமூடியும்) ஒருவராக மூச்சுக் கொடுப்பது, ஏஎஸ்வி ரியாக்‌ஷனுக்கு அட்ரினலினைத் தசையில் போடுவது, விஷம் ஏறிய அறிகுறி தெரிந்த நோயாளிக்கு முதல் டோஸ் ஏஎஸ்வியை மேலேயே தொடங்கிவிட்டு ஆம்புலன்ஸில் ஏற்றி, கூடவே பேக் மாஸ்க் எடுத்துப் போகச் சொல்வது. மூன்றாவதை நோயாளி கிடைக்கும் வரை காத்திருக்க முடியாது. வார்டு கட்டிலில் ஒரு சக ஹவுஸ் சர்ஜனைப் படுக்க வைத்து ஒத்திகையாகவே பார்க்க வேண்டும். அந்தத் தாளில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை.